குழாய் ஓடும் கூரை: ஒரு சிமுலேஷன் அனுபவம்

கூரைக்குள் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, கதிர்வீச்சு முறையில் குளிரூட்டப்படும் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கான மாடலை, கட்டடங்களின் வெப்பத்தையும் மின்செலவையும் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் நான் முதன்முறையாக அமைத்தபோது, ஆண்டு முழுவதற்குமான முடிவுகள் எனக்கு நிம்மதியைத் தந்தன. மின்சாரச் செலவு எதிர்பார்த்த அளவிலேயே இருந்தது. அறையின் வெப்பநிலை எல்லை மீறிய மணிநேரங்களும் அதிகமில்லை. பிறகு மே மாதத்தின் ஒரே ஒரு நாளை எடுத்து, மணிவாரியாக வரைபடமாக்கிப் பார்த்தேன். காலை ஒன்பதரை மணிக்கு அறைக் காற்று 26 டிகிரியைத் தொட்டதும் வால்வ் திறந்து, காங்கிரீட் கூரைக்குள் புதைந்திருக்கும் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடத் தொடங்கியது. ஆனால் கூரையின் அடிப்பரப்பு உச்சிவெயில் தாண்டியும் போதுமான அளவு குளிரவில்லை. ஊழியர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, இரவு ஏழரை மணிக்குத்தான் அது அன்றைய நாளின் மிகக் குறைந்த வெப்பநிலையை அடைந்தது. ஆளில்லாத அறைக்குக் கட்டடம் குளிர்ச்சியை வழங்கிக்கொண்டிருந்தது.

தவறு மென்பொருளுடையது அன்று. சாதாரண ஏசியைக் காற்றின் வெப்பநிலையை வைத்து இயக்குவதுபோல, இருபது சென்டிமீட்டர் தடிமனுள்ள ஸ்லாபையும் காற்றின் வெப்பநிலையை வைத்தே இயக்குமாறு நான் கட்டளையிட்டிருந்தேன். கணினி சொன்னதைச் செய்தது. அந்த ஒரு வரைபடம் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். கதிர்வீச்சுக் குளிரூட்டலைக் கணினியில் ஆராய்பவர் கவனிக்கவேண்டியவை பரப்புகளின் வெப்பநிலையும், அது மாற எடுத்துக்கொள்ளும் நேரமும்தான். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தவறான மாடலும் சரியானதுபோலவே தோன்றும்.

மொட்டைமாடிக்கு நேர்கீழே படுக்கையறை அமைந்த வீட்டில் கோடைக்காலத்தில் ஓர் இரவு தூங்கியவர்களுக்கு இதன் இயற்பியலை நான் விளக்கவேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கூரை இரவு பத்து மணிக்கும் அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி 25 டிகிரி என்று காட்டினாலும் நெற்றியும் மார்பும் சூடாகவே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூரையின் அடிப்பரப்பு 38 டிகிரி, சுவர்களும் தரையும் 29 டிகிரி, மல்லாந்து படுத்திருப்பவர் உடலைச் சுற்றியுள்ள பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூரை என்று வைத்துக்கொண்டால், அவர் உணரும் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை 32 டிகிரி ஆகிறது. காற்றோட்டம் குறைவான அறையில் உடல் உணர்வது இதற்கும் காற்றின் வெப்பநிலைக்கும் இடைப்பட்ட சராசரி. ஆக, ஏசியின் திரையில் 25 என்று இருந்தாலும், உடலுக்கு அது 28க்கு மேல். கதிர்வீச்சுக் குளிரூட்டல் என்பது இதையே தலைகீழாகச் செய்வது. கூரையை 20 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால், காற்று 27இல் இருந்தாலும் உடலுக்கு இதமாக இருக்கும்.

மனித உடல் இந்த இரண்டையும் ஒரே மாதிரியாக எடுத்துக்கொள்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. குளிரூட்டல் துறைப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் 55ஆம் எண் தரநிலை, தலைக்கு மேலுள்ள பரப்பு சூடாக இருந்தால் மேலுக்கும் கீழுக்குமான கதிர்வீச்சு வெப்பநிலை வேறுபாடு 5 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்கிறது. குளிர்ந்த கூரைக்கோ 14 டிகிரி வரை இடம் கொடுக்கிறது. மொட்டைமாடிக்குக் கீழே தூக்கம் வராததற்கும், குளிர்ந்த கூரைக்குக் கீழே மணிக்கணக்கில் அமர்ந்து வேலை செய்ய முடிவதற்கும் காரணம் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

இனி, கணினி இதை எப்படிக் கணக்கிடுகிறது என்பதற்கு வருகிறேன். அமெரிக்க அரசின் ஆதரவுடன் உருவான இரண்டு பழைய மென்பொருள்களின் வழித்தோன்றல்தான் எனர்ஜிபிளஸ். அவற்றுள் டிஓஇ-2 என்பது, அறைக்குள் வரும் வெப்பத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த எடைக் காரணிகளால் பெருக்கி, காற்றின் மீது விழும் சுமையாக, அதாவது ஏசி நீக்கவேண்டிய வெப்பமாக, மாற்றும். அந்த வழியில் ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனி வெப்பநிலை என்று ஒன்று கணக்கில் வருவதே இல்லை. டக்ட் வழியாகக் குளிர்ந்த காற்றை ஊதும் ஏசிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மற்றொன்றான பிளாஸ்ட், ஒவ்வொரு பரப்புக்கும் வரவு செலவு எழுதும் முறையைப் பின்பற்றியது. பரப்பின் மீது விழும் வெயில், மற்றப் பரப்புகளோடு நடக்கும் கதிர்வீச்சுப் பரிமாற்றம், காற்றுக்குப் போகும் வெப்பம், உள்ளேயிருந்து கடத்தப்பட்டு வரும் வெப்பம் ஆகிய எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் பூஜ்யமாக இருக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. கூரையே குளிரூட்டும் கருவியாக இருக்கும் கட்டடத்துக்கு இந்த இரண்டாம் வழிதான் பொருந்தும். இலினாய் பல்கலைக்கழகத்தில் ரிக் ஸ்டிராண்ட் 1995இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, சுவரின் நடுவிலேயே ஒரு வெப்ப மூலம் இருந்தால் அதை இந்த வரவு செலவுக்குள் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு விடை கண்டது. 2001இல் வெளியான எனர்ஜிபிளஸ் பிளாஸ்டின் முறையையே அடித்தளமாகக் கொண்டது. அதன் கதிர்வீச்சுப் பகுதி ஸ்டிராண்டின் வேலையிலிருந்து வளர்ந்தது.

அவருடைய தீர்வின் அழகு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. சுவருக்குள் வெப்பம் நகர்வதை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்கிடுவதற்குப் பதிலாக, கடந்த சில மணிநேரங்களின் வெப்பநிலைகளையும் வெப்ப ஓட்டங்களையும் குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் கூட்டினால் இந்த நொடியின் வெப்ப ஓட்டம் கிடைத்துவிடும் என்பது ஏற்கெனவே அறியப்பட்ட முறை. அந்த எண்கள் சுவரின் பொருளையும் தடிமனையும் மட்டுமே சார்ந்தவை. ஒருமுறை கணக்கிட்டால் ஆண்டு முழுவதற்கும் போதும். ஸ்டிராண்ட் அந்த வரிசையோடு, குழாய்கள் இருக்கும் ஆழத்தில் கடந்த மணிநேரங்களில் எவ்வளவு வெப்பம் எடுக்கப்பட்டது என்பதையும் இன்னொரு வரிசையாகச் சேர்த்தார். நேற்று இரவு ஓடிய நீரின் பலன் இன்று காலைக் கணக்கில் தானாகவே வந்து சேர்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து 1975இல் வெளிவந்த டிரன்சிஸ் மென்பொருளும் இதே சிக்கலைத் தீர்க்கிறது. அங்கே குழாயைச் சுற்றியுள்ள காங்கிரீட்டை வெப்பத்தடைகளின் வலையாகப் பாவிக்கிறார்கள்.

இங்கே காங்கிரீட்டின் கணக்கைச் சற்று நெருக்கமாகப் பார்ப்பது நல்லது. இருபது சென்டிமீட்டர் ஸ்லாபின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு டிகிரி மாறுவதற்கு ஏறத்தாழ 420 கிலோஜூல் வேண்டும். அதை மூன்று டிகிரி இறக்கவேண்டுமானால் 1260 கிலோஜூல், அதாவது 350 வாட்மணி. சதுர மீட்டருக்கு 40 வாட் என்ற வேகத்தில் குழாய் நீர் வெப்பத்தை எடுத்தால், இதற்கு ஒன்பது மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். என் முதல் மாடலில் காலை ஒன்பதரைக்குத் திறந்த வால்வின் பலன் மாலையில் ஏன் வந்தது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. இந்த மந்தத்தை எதிரியாக நினைக்காமல் முதலீடாகப் பயன்படுத்தும் கட்டடங்களில், இரவு பத்து மணிக்கு நீரை ஓடவிட்டு விடியற்காலையில் நிறுத்திவிடுவார்கள். இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால், நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லருக்கு வேலை எளிது. பல ஊர்களில், வெளிக்காற்றைக் கொண்டே நீரைக் குளிர்விக்கும் கூலிங் டவர் ஒன்றே போதும். எனர்ஜிபிளஸில் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அறைக் காற்று, சராசரிக் கதிர்வீச்சு, இரண்டும் கலந்த உணர்வு வெப்பநிலை, வெளிக்காற்று, ஸ்லாபின் பரப்பு, ஸ்லாபின் உட்பகுதி எனப் பல அளவுகோல்கள் உண்டு. கனமான ஸ்லாபுக்கு அதன் வெப்பநிலையையே அளவுகோலாக வைத்து, நேரத்தை அட்டவணையால் நிர்ணயிப்பதுதான் இப்போது என் வழக்கம். முதல் மாடலை அப்படி மாற்றி ஓட்டியபோது, பிற்பகல் மூன்று மணிக்கான வரைபடம் முற்றிலும் வேறாக இருந்தது.

அடுத்தது வெயில். ஜன்னல் வழியாக வரும் நேரடி வெயில் தரையில் விழுந்தால், ஏசி அறையில் அந்த வெப்பம் முதலில் தரைக்குள் போய், பிறகு மெல்ல மெல்லக் காற்றுக்கு வரும். குளிரூட்டப்பட்ட தரையில் அது காற்றுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. விழுந்த இடத்திலேயே குழாய் நீர் அதை வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரே அறைக்கு, ஒரே வெயிலுக்கு, ஏசியின் உச்சச் சுமையும் கதிர்வீச்சு முறையின் உச்சச் சுமையும் ஒன்றாக இருப்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டுவாக்கில் இதைச் சிமுலேஷன் மூலம் தெளிவாகக் காட்டினார்கள். இருந்தும், காற்றுச் சுமைக்கான கணக்கைப் போட்டு, அதே எண்ணுக்கு ஸ்லாபை வடிவமைக்கும் பழக்கத்தை நான் இன்றும் அடிக்கடி பார்க்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வெயில் இல்லாத இடத்தில் தரையின் திறன் குறைவு. அறை 26 டிகிரி, தரை 20 டிகிரி என்றால், தரைக்கான வெப்பப் பரிமாற்ற எண்ணான 7ஐ வெப்பநிலை வேறுபாடான 6ஆல் பெருக்க, சதுர மீட்டருக்கு 42 வாட்தான் கிடைக்கும். அதே வெப்பநிலையில் கூரைக்கு அந்த எண் பதினொன்று, ஆகவே 66 வாட். ஆனால் நேரடி வெயில் விழும் தரை 100 வாட்டையும் தாண்டி உறிஞ்சும். 2006இல் திறக்கப்பட்ட பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையம் தரைக் குளிரூட்டலைத் தேர்ந்தெடுத்ததன் தர்க்கம் இதுவே. கண்ணாடியாலான பெரிய கூடங்களில் விழும் வெயிலைத் தரையிலேயே பிடித்துவிட்டு, ஆள்கள் நடமாடும் உயரத்தில் மட்டும் குளிர்ந்த உலர்காற்றை மெல்ல விட்டு, மேலே உள்ள காற்றைச் சூடாகவே விட்டுவிடும் ஏற்பாடு அது. இப்படிப்பட்ட கூடத்தை, காற்று முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று கொள்ளும் மாடலால் சரியாகக் காட்ட முடியாது. உயரத்துக்கு ஏற்பக் காற்றை அடுக்குகளாகப் பிரிக்கவேண்டும், அல்லது காற்றோட்டத்துக்கான தனி சிமுலேஷனைத் துணைக்கு அழைக்கவேண்டும்.

வெயிலைப் பற்றி, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனர்ஜிபிளஸில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், அறைக்குள் வரும் நேரடி வெயில் அனைத்தும் தரையில் விழுவதாகவே கொள்ளப்படும். அதை மாற்றி, கதிர் உண்மையில் எந்தப் பரப்பில் விழுகிறது என்று கணக்கிடச் சொன்னாலும், ஒரு பரப்புக்கு ஒரே வெப்பநிலைதான் என்பதால், ஜன்னலோரம் விழுந்த வெயில் தரை முழுவதும் பரப்பிவைத்ததுபோல ஆகிவிடும். தரையை ஜன்னலுக்கு இணையாக மூன்று பட்டைகளாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். ஜன்னலோரப் பட்டையின் வெப்பநிலையும் உட்பட்டையின் வெப்பநிலையும் பல டிகிரி விலகி நிற்பதைக் காண்பீர்கள். அங்கே குழாய்களை நெருக்கமாகப் போடுவதா என்ற கேள்விக்கு அந்தப் பட்டைதான் பதில் சொல்லும்.

இந்த முறையைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் வரும் கேள்வி, கூரை வியர்க்காதா என்பது. நியாயமான கேள்வி. 26 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 17.6 டிகிரி, 20 டிகிரியில் இருக்கும் கூரைக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஈரப்பதம் 70 சதவீதமானால் பனிநிலை 20 டிகிரியைத் தொட்டுவிடும். வெளிக்காற்று 32 டிகிரியும் 70 சதவீதமுமாக உள்ளே நுழைந்தாலோ பனிநிலை ஏறத்தாழ 26. சென்னை போன்ற கடலோர ஊரில் ஆண்டின் பெரும்பகுதியில் வெளிக்காற்று இந்த நிலைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே அங்கே காற்றை உலர்த்துவது முதல் வேலை, கூரையைக் குளிர்விப்பது அடுத்த வேலை. உலர்த்தும் கருவியின் மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கதிர்வீச்சு முறையின் சேமிப்பைச் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

மென்பொருளில் இதற்கொரு பாதுகாப்பு உண்டு. கூரைப் பரப்பு பனிநிலையை நெருங்கினால், அதாவது வழக்கமான அமைப்பில் ஒரு டிகிரிக்குள் வந்தால், நீரோட்டத்தை அது நிறுத்திவிடும். ஆனால் நின்றுபோன மணிநேரங்கள் மொத்த முடிவில் எங்கோ மறைந்துவிடுகின்றன. தேடிப் பார்க்காதவர் கண்ணில் படுவதில்லை. மேலும், நீரை நிறுத்தியவுடன் ஸ்லாப் சூடாகிவிடுவதும் இல்லை. மேலே பார்த்த அதே மந்தம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் மாடல் செய்து கொடுத்த ஓர் அலுவலகத்திலிருந்து மழைக்காலத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில் அழைப்பு வந்தது. சனிக்கிழமை பெயிண்ட் வேலைக்காகத் திறந்த இரண்டு ஜன்னல்களை யாரும் மூடவில்லை. ஞாயிறு இரவு அட்டவணைப்படி நீர் ஓடியிருக்கிறது. ஈரப்பத உணரி கூடத்தின் நடுவில் இருந்ததால், ஜன்னலோரம் நடந்தது அதற்குத் தெரியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, ஜன்னலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரை கூரையில் கடுகளவு நீர்முத்துகள் வரிசை வரிசையாக நின்றன. ஏணியில் ஏறி விரலால் தொட்டேன். இரண்டு முத்துகள் சேர்ந்து ஒன்றாகி மணிக்கட்டு வரை வழிந்தது. அந்த வரிசைகளின் இடைவெளி, உள்ளே குழாய்கள் போடப்பட்ட இடைவெளியேதான். என் மாடலில் குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சீரான தளமாக இருந்தன. உண்மையில் குழாய்க்கு நேர்கீழே உள்ள கோடு மற்ற இடங்களைவிடக் குளிர்ந்தது, முதலில் வியர்ப்பதும் அதுதான். என் மாடலில் ஜன்னல்கள் ஆண்டு முழுவதும் மூடியே இருந்தன. காற்றுக்கசிவு என்று ஒரு நிலையான எண்ணைக் கொடுத்திருந்தேன். மூட மறந்த ஜன்னலுக்கு அதில் இடமே இல்லை. அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்கும், ஜன்னல் திறந்து கிடக்கும் ஒரு மழைக்கால வார இறுதியைத் தனியாக ஓட்டிப் பார்க்காமல் நான் அறிக்கை கொடுப்பதில்லை. குழாய்களின் இடைவெளியைக் கணக்கில் எடுக்கும் இருபரிமாணத் தேர்வையும் ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்க்கிறேன்.

இவ்வளவு எச்சரிக்கைகளுக்குப் பிறகும் இந்த முறையின் மீது எனக்கு நம்பிக்கை இருப்பதற்கு ஹைதராபாத்தில் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தொழிலில் எப்போதும் இரண்டு கட்டடங்களை ஒப்பிடுவோம். ஒன்று, உரிமையாளர் கட்டப்போவது; மற்றொன்று, வழக்கமான ஏசியோடு அதே கட்டடம். இரண்டாவது கட்டடம் கணினியில் மட்டுமே இருக்கும். யாரும் அதைக் கட்டுவதில்லை, ஆகவே யாரும் அதை அளந்து பார்த்ததும் இல்லை. இன்ஃபோசிஸ் நிறுவனம் ஹைதராபாத் போச்சாரம் வளாகத்தில் 2011இல் முடித்த எஸ்டிபி-1 என்ற கட்டடத்தில், அந்த இரண்டாவது கட்டடத்தையும் சேர்த்தே கட்டினார்கள். ஒன்றுக்கொன்று சமச்சீரான இரண்டு பாதிகள். அதே கண்ணாடி, அதே விளக்குகள், அதே வகை வேலை. ஒரு பாதிக்குத் திறன்மிக்க காற்றுவழிக் குளிரூட்டல், மறு பாதிக்குக் குழாய் புதைத்த ஸ்லாபும் உலர்த்திய புதுக்காற்றும். கட்டுமானச் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கதிர்வீச்சுப் பாதி, குளிரூட்டலுக்குச் சுமார் 34 சதவீதம் குறைவான மின்சாரத்தை எடுத்தது. குருபிரகாஷ் சாஸ்திரியும் பீட்டர் ரம்சேயும் இந்த அளவீடுகளை 2014இல் ஆஷ்ரே இதழில் வெளியிட்டார்கள்.

அந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவாகவே இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமப்பதற்கு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் காற்று வேண்டும். பெரிய விசிறிகளின் வேலையைச் சிறிய பம்ப் செய்துவிடுகிறது. ஸ்லாபுக்குப் போகும் நீர் ஏழு டிகிரிக்குக் குளிரவேண்டியதும் இல்லை. அதைவிடப் பல டிகிரி சூடான நீரே போதும் என்பதால் சில்லரின் திறனும் கூடுகிறது. அத்தோடு, ஹைதராபாத் கடலிலிருந்து விலகி, 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், வறண்ட பீடபூமியில் இருக்கிறது. அந்த 34 சதவீதத்தைக் கடலோரக் கட்டடத்தின் அறிக்கையில் அப்படியே எடுத்து ஒட்டுவது நேர்மையாகாது. உலர்த்தும் வேலையைச் சேர்த்துப் புதிதாகக் கணக்கிட்டே ஆகவேண்டும்.

இப்போது என் மேசையில் இருப்பது கடலோரத்தில் எழவிருக்கும் ஒரு சிறிய நூலகத்தின் மாடல். ஆண்டின் 8760 மணிநேரங்களுக்கும் இரண்டே கோடுகளை ஒரே வரைபடத்தில் போட்டிருக்கிறேன். மேலே இருப்பது கூரையின் அடிப்பரப்பு வெப்பநிலை, கீழே இருப்பது அறைக் காற்றின் பனிநிலை. ஆண்டு முழுவதும் அவை மூன்று டிகிரிக்குக் குறையாமல் விலகியே ஓடுகின்றன. நவம்பரில் மட்டும், இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு நூலகம் திறக்கும் ஒரு காலையில், உலர்த்தும் கருவி ஓடத் தொடங்கி இருபது நிமிடங்கள் ஆகும்வரை, அவை 0.8 டிகிரி இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. கருவியை ஒரு மணிநேரம் முன்னதாக ஓடவிடுவதா, ஸ்லாபுக்கான நீரை அன்று காலை தாமதப்படுத்துவதா என்று இரண்டு வழிகளையும் தனித்தனியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.